தம்பியிடம் மிஞ்சிய சொல்

இந்தியில் அத்தானுக்குச் சொல் கிடையாது. அத்தை மகனும் அங்கே பாயி, அதாவது அண்ணன், மாமன் மகனும் பாயி, சித்தப்பா மகனும் பாயி. முன்னால் ஏதோ ஓர் ஒட்டைச் சேர்த்து எந்த வீட்டுப் பாயி என்று பிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் என்னோடு தண்ணீர் பிடித்த ஒரு வடக்கத்திப் பெண்ணிடம், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என் அத்தை மகன் என்று பெருமையாகச் சொன்னபோது அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முறை தெரியாத ஜனங்கள் என்று எங்களுக்கு எண்ணம்.

எங்கள் வீட்டு உறவை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், அவ்வளவு சின்ன வட்டம். அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை. அம்மாவின் அண்ணன் கட்டியது அப்பாவின் அக்காவை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அந்த அத்தையும் மாமாவும் செம்பூரில் இருந்தார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே மகன். நான் பிறந்த அன்றே, பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பார்ப்பதற்கு முன்பே, அத்தை என்னைத் தன் மகனுக்கு என்று சொல்லிவிட்டாளாம். நானும் அவரும் வளர வளர அந்தப் பேச்சும் எங்களோடு வளர்ந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு அத்தானைப் பிடிக்கும். பிடிக்கும் என்று சாதாரணமாகச் சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் என் கையில் இருக்கிற வேலை தானாக நின்றுவிடும்.

அத்தான் செம்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். ஞாயிறு தவறாமல் வருவார். வருவது எனக்காக என்று ஊர் நினைத்தது. வந்ததும் அவர் தேடுவது தம்பியை. தம்பிக்கு அப்போது ஆறு வயது இருக்கும். துறுதுறுவென்று இருப்பான். அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு சயான் ஸ்டேஷன் பாலத்துக்குப் போவார். பாலத்தில் நின்றுகொண்டு கீழே போகிற லோக்கல் ரயிலுக்கெல்லாம் தம்பி கை காட்டுவான். எது ஃபாஸ்ட், எது ஸ்லோ என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். தெருவில் பொறுக்கிய இந்தியும் மராத்தியும் அவன் வாயில் தண்ணீராக ஓடும். அப்பாவின் இந்தியைக் கேட்டுவிட்டு, அது ரயில் ஒர்க்‌ஷாப்பில் சுத்தியலால் அடித்துச் செய்த இந்தி என்று கேலி செய்வான். அப்பா அங்கே ஃபிட்டர். மகன் கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பூரிப்பார்.

முதலில் போனது கண். பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதுவதை விட்டு வேறு ஏதோ எழுதுகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். விளையாட்டுப் புத்தி என்று அம்மா இரண்டு அடி வைத்தாள். பிறகு கண்ணாடி போட்டோம். கண்ணாடி போட்ட பிறகும் வாசல் நிலையில் போய் இடித்துக்கொண்டான். பாலத்துக்குப் போனால் லோக்கல் வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை ஆட்டினான். சத்தத்தை வைத்துச் சொல்வதால் அத்தானுக்குக்கூட வெகுநாள் தெரியவில்லை.

கண் போன பிள்ளை என்றால் ஊர் இரக்கப்படும், நாமும் தேறிவிடுவோம். எங்களுக்கு அது அதோடு நிற்கவில்லை. ஒருநாள் கக்கூஸ் வரிசையிலிருந்து தனியாகத் திரும்பியவன் அடுத்த சந்தில் யாரோ வீட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டுச் சோறு கேட்டிருக்கிறான். கண் தெரியாமல் வந்துவிட்டான் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கூட்டி வந்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அது வழி தவறியவன் முகமாக இல்லை. எது தன் வீடு என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மராத்தி போயிற்று, இந்தி போயிற்று. கடைக்காரரிடம் வாயாடியவன், அவர் கேட்பது புரியாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொத்தான் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பொத்தான் போடத் தெரியாமல் போனது. தட்டில் சோற்றை வைத்துவிட்டு, அதைச் சாப்பிட வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். கிழவர்களுக்கு இப்படி வரும், பார்த்திருக்கிறோம். பல் விழுந்து பல் முளைக்கிற வயதில் ஒரு பிள்ளைக்கு மறதி வரும் என்று யாருக்குத் தெரியும்? தெருவில் இருந்த ஒரே சொல் பாகல், பைத்தியம். பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நான் கல்லெடுத்துத் துரத்தினேன். ஒருத்தன் மண்டையில் பட்டது. அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

வலிப்பு வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு முன்னால் போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டோம். மாஹிம் தர்காவில் மந்திரித்த கயிறு, அதே மாஹிமில் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி, ஊர்ச் சாமிக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கை. அம்மாவுக்கு எல்லாச் சாமியும் ஒன்று, பிள்ளை எழுந்தால் சரி.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். நல்ல மனிதர்தான். தம்பியை மடியில் உட்காரவைத்து, கண்ணுக்குள் விளக்கடித்து, முழங்காலில் தட்டி, வெகுநேரம் பார்த்தார். பிறகு காகிதத்தை இழுத்துக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் பார்த்து இந்தியில் கேட்டார்: கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் பாயி-பெஹனாக இருந்தீர்களா?

அண்ணன் தங்கையா என்று கேட்கிறார். அப்பாவின் முகம் செத்துப்போனது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்தே விட்டார். ஒர்க்‌ஷாப் இந்தி அன்றைக்கு வெட்டுக் குத்தாக வந்தது. நாங்கள் ஏழைகள்தான் சாகேப், மானம் கெட்டவர்கள் இல்லை, கூடப் பிறந்தவளைக் கட்டுகிற ஜாதியா நாங்கள் என்று கேட்டார். டாக்டர் பயந்துபோய்க் கையைக் கூப்பினார். இல்லை, கேட்க வேண்டிய கேள்வி, கேட்டேன் என்றார். உறவில்லை என்று எழுதிக்கொண்டார். வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், அதன் மிச்சம் இது, வீட்டில் வேறு யாருக்கும் வரப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அப்பா கொதித்துக்கொண்டே வந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. மாமன் மகள் எப்படித் தங்கை ஆவாள்? என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதே கோபத்தோடு.

அந்த ஒரு 'இல்லை'யை வைத்துக்கொண்டு வருடங்கள் ஓடின. தம்பிக்கு நடை தள்ளாடியது. பேச்சு திக்கி, சொன்னதையே சொல்லி, பிறகு குறைந்தது. எனக்குச் சேலை கட்டும் வயது வந்தது. அத்தை கல்யாணப் பேச்சை எடுத்தாள். இவன் அத்தானை மறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் சொன்னபோது எல்லோரும் அழுதோம். அழுதாலும் எனக்குள் சந்தோஷம் இருந்தது. செம்பூரில் தனி அறை பார்த்திருந்தார் அத்தான். தம்பிக்கு அங்கே ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னாராம். ஆண்களில் இப்படி ஒருத்தர் எனக்குக் கிடைத்திருக்கிறாரே என்று நான் தெருவெல்லாம் மிதந்து திரிந்தேன்.

வலிப்பு மாத்திரைக்கு அடங்காமல் போனபோது, மாட்டுங்காவில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாள், தமிழ் பேசுகிறவள், மூளை நோய் படித்தவள் என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொன்னார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பாவும் நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனோம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறை. டாக்டரம்மாள் கட்டுக் குடுமியைப் போலக் கொண்டையை இறுக்கிப் போட்டிருந்தாள். பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தாள். தம்பியின் கண்ணைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"நீங்களும் ஆத்துக்காரியும் உறவா, அந்நியமா?"

எவ்வளவு சாதாரணமான கேள்வி. எந்தத் தமிழனும் எந்தத் தமிழனிடமும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கிற கேள்வி. அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சொந்த மாமன் மவதாம்மா. நாங்க அந்நியத்துல கட்டுறதில்ல."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. ஒதுக்கி வைத்த காகிதத்தைத் திரும்ப எடுத்தாள். இதில் உறவில்லை என்று இருக்கிறதே என்றாள். அவர் அண்ணன் தங்கச்சியா என்று கேட்டார், இல்லை என்றேன் என்றார் அப்பா. அம்மாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

நோய்க்கு மூன்று சொல்லில் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள். முதல் சொல் எங்களுக்கு விளங்கவில்லை. நடுச்சொல் ஃபேமிலி. கடைசிச் சொல் அப்பாவுக்குத் தெரிந்த சொல்லைப் போல இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் தினமும் அவரைத் திட்டுகிற சொல், இடியட். அதுதானா என்று அப்பா மெல்லக் கேட்டார். படித்தவர்கள் வைத்த பெயர், கெட்ட பெயர், ஒருநாள் மாற்றுவார்கள் என்றாள் அம்மாள். பிற்காலத்தில் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்க அப்பா உயிரோடு இல்லை.

அவள் விளக்கிச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உடம்பு தான் தள்ள வேண்டிய அழுக்கைத் தள்ளத் தெரியாமல் மூளைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போகிறது, முதலில் கண், பிறகு புத்தி, பிறகு கைகால். அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரே குறை ஒளிந்திருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஆயுசுக்கும் தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால் இந்த வியாதி. ஒரே குடும்பத்துக்குள் கட்டினால் அப்படிச் சேர இடம் அதிகம். மருந்து கிடையாது. முதலிலேயே தெரிந்திருந்தாலும் இவனைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்து, இரண்டு தரம் சொன்னாள். அந்த இரக்கத்துக்கு நான் இன்றும் அவளைக் கும்பிடுகிறேன்.

எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்தாள். இவளுக்கு எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் குரல் பாதியில் தேய்ந்தது.

"வரும்னு நான் சொல்லலை," என்றாள் அம்மாள். "வராதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய அப்பாவாகிவிட்டார். நம்ம பக்கத்தில் எல்லாரும் சொந்தத்தில்தான் கட்டுகிறார்கள், எல்லார் வீட்டிலுமா இப்படி என்றார். டாக்டர் சொன்னதைச் செம்பூருக்குச் சொல்லக் கூடாது என்றார். மற்ற வீடாக இருந்தால் இது உன் வீட்டு ரத்தம், உன் வீட்டு ரத்தம் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டையாவது போட்டிருப்பார்கள், ஆத்திரம் தீர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அதற்கும் வழியில்லை. இரண்டு ரத்தமும் ஒரே வீட்டு ரத்தம்.

அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். தம்பிக்கு வாயைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏட்டி, ஒங்க அத்தைக்கு மூத்தது ஒண்ணு ஊர்ல செத்துச்சில்லா. பெரியம்மையின்னு சொன்னாவ. அதுக்கும் கண்ணுதான் மொதல்ல போச்சு."

அத்தானுக்கு ஓர் அண்ணன் இருந்து இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதே இல்லை. அம்மா முடிவை என் கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பாலத்தில் வைத்து நான் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அவர் தோளில் இருந்தான், கால்கள் துவண்டு தொங்கின. கீழே ஒரு லோக்கல் போனது, தம்பி திரும்பவில்லை. அத்தான் எல்லாம் கேட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நமக்குப் பிள்ள வேண்டாம்ட்டி. இவன் ஒருத்தன் போதும்."

அதைக் கேட்ட பிறகு என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வார்த்தையை ஒரு ஆண் எனக்குச் சொன்னதில்லை. சரி என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் பிள்ளை வேண்டாம் என்பது பாலத்தில் நின்று சொல்கிற பேச்சு. அத்தைக்கு இவர் ஒருத்தர்தான் மிஞ்சினார். கல்யாணமான மறு வருஷமே என் வயிற்றைப் பார்ப்பாள். நானும் மனுஷிதான், எனக்கும் ஆசை வரும். வந்து, பெற்று, ஆறு வயது வரை துறுதுறுவென்று வளர்த்து, ஒருநாள் அது வாசல் நிலையில் இடித்துக்கொண்டால்? அம்மா வாயைத் துடைத்துவிடுகிற அந்தத் துணி என் கைக்கு வருவதை நினைத்தேன். என்னால் முடியாது என்று தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பேசி என்னை மாற்றிவிடுவார்.

தேதி குறிக்க அத்தையும் மாமாவும் அத்தானும் வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மல்லிகைப் பூ. அப்பா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். தம்பியைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். எங்கள் ஜாதியில் கல்யாணம் வேண்டாம் என்று பெண் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அழுதால் வெட்கம் என்பார்கள், கத்தினால் அறைவார்கள். ஒரே ஒரு வழிதான் உண்டு, அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. நான் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, காப்பி எடுத்துக்கோங்க."

அத்தையின் கையிலிருந்த பூ தரையில் விழுந்தது. அப்பா என்னை அடிக்க எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றார். இனி அடித்து என்ன? சொன்னது சொன்னதுதான். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் கேட்ட கேள்விக்கு, எங்கள் வீட்டிலிருந்து அன்றைக்குத்தான் ஆமாம் என்று பதில் போயிற்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காப்பியை வாங்கினார். முழுவதும் குடித்தார். தம்ளரைத் தரையில் வைத்தார்.

"சரி, தங்கச்சி."

அப்பா என்னிடம் பேச வெகுகாலம் ஆயிற்று. அத்தை சாகிறவரைக்கும் பேசவில்லை. அத்தை மகனுக்கு ஊரிலிருந்து அந்நியத்தில் பெண் எடுத்தார்கள். நல்ல பெண், எனக்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை, அதனால் அவளைப் பார்க்கிறபோது இன்னும் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவது மட்டும் நிற்கவில்லை. என்னைப் பார்க்க மாட்டார். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வரும் வழியில் பார்த்த லோக்கல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தம்பிக்குள் அதற்குள் எல்லாமே காலியாகிவிட்டது. அம்மா என்ற சொல் போயிற்று, அப்பா என்ற சொல் போயிற்று. அக்கா என்று அவன் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்றுகூட எனக்கு நினைவில்லை. அது கடைசி என்று அப்போது தெரியாதே. அவனிடம் ஒரே ஒரு சொல் தங்கியிருந்தது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், வெயில் முகத்தில் பட்டாலும் அதுதான். அத்தான். கண் தெரியாத, எழுந்திருக்க முடியாத பிள்ளை, நாள் முழுக்க எங்கள் ஒற்றை அறையில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே கிடந்தான். நான் அடுப்படியில் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபதுகள் முடிகிற சமயம். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது, விழுங்க முடியவில்லை. அன்றும் ஞாயிறு. அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். தம்பியின் தலை என் மடியில் இருந்தது. நான் அவன் காதருகே குனிந்து, அண்ணன் வந்திருக்காவ பாரு என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படிச் சொல்லப் பழகிவிட்டிருந்தோம்.

தம்பி புருவத்தைச் சுளித்தான். தப்பாகப் படித்தால் வாத்தியார் சுளிப்பதுபோல. தலையை என் மடியில் இப்படியும் அப்படியும் அசைத்தான். மூச்சைச் சேர்த்துச் சேர்த்து எடுத்தான்.

"அத்தான்," என்றான், என்னிடம்.

வாசலில் நின்றவர் வெகு வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னைப் பார்த்தார். நான் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம்ல, அத்தான்தான் என்று சொன்னேன்.